ஆயாக்கொட்டகையில் பிறந்தவர்

கோழிச்சாறு மணம்தான் முதலில் வந்தது. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி இறக்கிய சாறு. பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுப்பது. கிறிஸ்மஸ் காலை, பூசைக்குச் சாமியாரை எதிர்பார்த்து ஆயாக்கொட்டகை வாசலில் நின்றிருந்த எனக்கு, இந்த மணம் எதற்கு மேடேறி வருகிறது என்று விளங்கவில்லை.

மணத்துக்குப் பின்னால் வீராயி அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் கீழ் லயத்துப் பெண்கள் ஒரு கூட்டம். ஒருத்தி கையில் தூக்குவாளி, ஒருத்தி தலையில் பழைய சேலை மூட்டை, ஒருத்தி மடியில் வேப்பிலைக் கொத்து. சிறிய ஊர்வலம்தான், மேளம் ஒன்றுதான் குறை.

வீராயி அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "எங்கடி அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணுக்கா?"

"என்னடி இப்படிக் கேக்குற? தூரத்துலேர்ந்து வந்திருக்கே, தங்க எடம் இல்லாம, அந்தப் பொண்ணு. புள்ள பொறந்துருச்சா இல்லியா? வயசான பொம்பள ஒருத்திகூட பக்கத்துல இல்லாம, நீங்கள்லாம் பூ கட்டிக்கிட்டு நிக்கிறீங்களேலா!"

நான் கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தேன். லாலான் புல் பரப்பிய மேசையின்மேல் மரியாயி முழங்காலில் இருந்தார். மூக்கு நுனி பெயர்ந்த மண் சுரூபம். ஓர் அடி உயரம் இருப்பார். பக்கத்தில் கோலை ஊன்றியபடி சூசையப்பர்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உங்களுக்கும் வரவேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மகள் கேட்ட கேள்வி

போன வாரம் பெரட்டுக்களத்தைப் பற்றி எழுதியிருந்தேன். விடியுமுன் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவோமே, அதைப் பற்றி. படித்துவிட்டு என் மூத்த மகள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு இருட்டுல கெளம்பிப் போனீங்களே, கைப்புள்ள என்னை எங்கம்மா போட்டீங்க?"

உன்னைப் பொன்னாயி அக்காவிடம் போட்டேன், மகளே.

எங்கள் தோட்டம் பாலிங் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வீட்டு வரிசைகள். இரண்டுக்கும் நடுவில், மேட்டின்மேல், தகரக்கூரை போட்ட ஆயாக்கொட்டகை. உள்ளே குறுக்குச் சட்டத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். அம்மாமார் பாலுக்கு மரம் வெட்டப் போகிற நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் அங்கே ஆடிக்கொண்டிருக்கும்.

பொன்னாயி அக்காதான் அங்கே ஆயா. அப்போது நாற்பது வயதை நெருங்கியிருப்பார். ஒல்லியான உடம்பு, பெரிய கை. பிள்ளையை வாங்கியதும் முதலில் உச்சந்தலையை மோந்து பார்ப்பார். பிறகு புறங்கையைத் துணிக்கு அடியில் விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தூளியை ஒரு தட்டுத் தட்டிச் சொல்லுவார்: "தூங்கு கண்ணு. ஆத்தா காட்டுக்குப் போயிருக்கா. பால் எடுத்துக்கிட்டு வந்துருவா."

காடு என்றால் எங்கள் ஊரில் கித்தாக் காடு. பால் என்றால் மரத்துப் பால். பிள்ளைகளுக்கு அது தெரியுமா என்ன? பால் என்ற சொல்லைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடும். என் மகளும் நிறுத்தினாள். இன்றைக்கு அவள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள், அதெல்லாம் நினைவில்லை என்கிறாள். எனக்கு இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வளர்த்த அந்த அக்காவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அதைச் சாக்காக வைத்துப் புருஷன்காரன் வேறு தோட்டத்துக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இன்னொன்றை எழுதியாகவேண்டும். பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டில் போடும் நாள் என்று ஒன்று உண்டு. பிள்ளையைத் தொட்டிலில் முதன்முதல் படுக்கவைப்பவள் பிள்ளை பெற்றவளாக இருக்கவேண்டும் என்பது எங்கள் லயத்துச் சட்டம். அதற்குக் கீழ் லயத்து வீராயி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஏழு பெற்று ஏழும் குத்துக்கல்லாக இருந்தன. அந்த நேரத்தில் பிள்ளை இல்லாதவள் கண்ணில் படக்கூடாது. ஆகவே பொன்னாயி அக்கா வெளியே தண்ணீர்ப் பைப்படியில் போய் நின்றுகொள்வார். ஒருவரும் போகச் சொல்லவேண்டாம். அவரே போய்விடுவார்.

அடுத்த மாதம் அதே பிள்ளையை அதே கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவோம். தொட்டிலில் போட ஆகாத கை, நாள் முழுக்க ஆட்டுவதற்கு மட்டும் ஆகும். இது என்ன நியாயம் என்று எனக்கு அப்போதும் எரிச்சல்தான், இப்போதும் எரிச்சல்தான்.

என் மகளுக்குத் தொட்டில் போட்ட அன்று நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் வரவில்லை. "வேணாம் புள்ள. நாளைக்கு ஒம் புள்ளைக்கு ஒரு காய்ச்சல்னாலும் எம் மேலதான் வரும்" என்று சொல்லிப் பைப்படிக்கே போய்விட்டார்.

காலை ஒன்பது மணிப் பிறப்பு

அது ஊரடங்குக் காலம். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள், சாலையில் பட்டாளத்துக்காரர்கள் இருந்தார்கள், நடுவில் நாங்கள் இருந்தோம். பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்டக்கூடாது.

தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஐந்தாறுதான். மற்ற வருஷங்களில் யேசு பாலன் பிறப்புக்கு லாரி பிடித்துச் சுங்கைப் பட்டாணிக் கோவிலுக்கு நடுராத்திரிப் பூசைக்குப் போவோம். அந்த வருஷம் ராத்திரி என்பதே இல்லை. கடைசியில் பெரிய சாமியார் ஆள் அனுப்பினார்: டவுனில் விடியற்காலைப் பூசை முடித்துக்கொண்டு, நானே உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன், ஓர் இடம் மட்டும் தயார் செய்து வையுங்கள். உலக மீட்பர் எங்களுக்காகக் காலை ஒன்பது மணிக்குப் பிறக்க ஒத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சூசை, தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டார். கிறிஸ்மஸ் லீவில் சும்மா கிடக்கிற கட்டடம் ஆயாக்கொட்டகை ஒன்றுதான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் துரை.

குடில் வைக்கும் பொறுப்பு இன்னாசி உபதேசியாருக்கு. வாரநாளில் லாலான் களைக்கு மருந்து அடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பவர். இரண்டையும் ஒரே கண்டிப்போடு செய்வார். பலகையில் ஒரு சிறு தொட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்னா?" என்று கேட்டார் பொன்னாயி அக்கா.

"முன்னணை" என்றார் உபதேசியார்.

"அப்படின்னா?"

"மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி. பாலன் பிறந்ததும் இதிலதான் கிடத்தினாங்க."

பொன்னாயி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "தொட்டியிலயா? தொட்டில்னு சொல்லியிருப்பாங்க, ஒங்க காதுல தொட்டின்னு விழுந்திருக்கும். எங் கொட்டகையில ஒரு புள்ளயும் தொட்டியில படுத்ததில்ல."

"வேதத்துல தொட்டிதான் இருக்கு."

"வேதத்துல இருந்துட்டுப் போகட்டும். இங்க தூளிதான்."

ஒரே ஓர் எழுத்துக்காக அரைமணி நேரச் சண்டை. முடிவில் மேசைமேல் தொட்டியும் இருந்தது. அதற்கு மேலே, சட்டத்திலிருந்து, மஞ்சள் சேலைக் கிழிசலில் கட்டிய முழங்கை நீளத் தூளி ஒன்றும் தொங்கியது. பாலன் எதில் படுப்பார் என்பதைச் சாமியார் வந்து தீர்த்துவைக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அக்காவுக்குச் சொன்ன கதை

வேலைக்கு நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் கொட்டகைக்கு வருவேன். அந்த நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, பாலன் பிறந்த கதையை அக்காவுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொன்னேன். ஒரு நிறைமாதப் பெண். புருஷன் ஆசாரி வேலை செய்பவர். எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்ப் பேர் பதியவேண்டும் என்று கவர்மெண்டு உத்தரவு போட்டுவிட்டது.

அக்கா தலையை ஆட்டினார். "நம்மள ஐசி கார்டு எடுக்க வரிசையில நிக்க வச்ச மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

போன இடத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை என்று சொன்னபோது அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "மனுசங்களா அவங்க? வலி எடுத்த பொண்ணப் பாத்து எடமில்லன்னு எப்படிச் சொல்ல வாய் வந்துச்சு? இங்க அனுப்பு புள்ள. எங் கொட்டகைக்கு வரட்டும்."

"இங்கதான்க்கா வர்றாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்கு நம்ம கொட்டகையிலதான் பொறக்கப் போறார்" என்றேன். பக்தியோடுதான் சொன்னேன்.

அதை அவர் அப்படியே கீழ் லயத்தில் சொல்லியிருக்கிறார். பைப்படியில் சொன்ன சேதி வீடு போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

கதை முடிந்த அன்று தூளிகளை மடித்தபடியே அக்கா கேட்டார். "அந்தப் புள்ளைய யாரு புள்ள தொட்டில்ல போடுவாங்க?"

"சாமியார் போடுவார்க்கா."

"அப்ப நான் பைப்படிக்குப் போயிரணுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். முகத்தைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.  அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே உபதேசியாரிடம் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஏம்மா ஆரோக்கியம், தோட்டத்துல மொதப் பூசை. நல்ல காரியம். சனங்க நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசும். அந்தம்மா கொஞ்ச நேரம் வெளிய நின்னா யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கு வந்ததே கோபம். "உபதேசியாரே, பாலனுக்கு எடமில்லன்னு சொன்னவங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றேன். அவர் மருந்துத் தகரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

நானா கடைப் பேரீச்சம்பழம்

இடையில் நட்சத்திரம் கட்டக் காகிதம் வேண்டியிருந்தது. சூசையும் நானும் பாலிங் டவுனுக்குப் போனோம். அங்கே ஒரு நானா கடை, தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. ஊசி முதல் உப்புக்கண்டம் வரை கிடைக்கும்.

சிவப்புக் காகிதம் எதற்கு என்று நானா விசாரித்தார். சொன்னோம். "அடடே, ஈசா நபி பொறந்த நாளா!" என்று உள்ளே போனவர், ஒரு பொட்டலத்தோடு வந்தார். பேரீச்சம்பழம்.

"இது மர்யம் அம்மாவுக்கு. வலி எடுத்தப்ப அவங்க பேரீச்ச மரத்தடியிலதான் இருந்தாங்க, தம்பி. அந்தப் பழம்தான் தின்னாங்க. இது இல்லாம எப்படி?"

எங்கள் கதையில் பேரீச்சமரம் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டோம். நட்சத்திரத்துக்குள் விளக்கு வைக்க ஊரடங்கில் அனுமதி கிடையாது. பட்டப்பகலில், விளக்கில்லாமல், அது கொட்டகை வாசலில் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. வழி தவறாமல்தான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், கோழிச்சாறு உட்பட.

முட்டி போட்ட பிள்ளைத்தாய்ச்சி

இப்போது வாசலுக்கு வருவோம். வீராயி அக்கா கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து மேசை முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "இவங்கதான்க்கா அந்தப் பொண்ணு."

கீழ் லயமே எட்டிப் பார்த்தது.

"பொம்மையா?" என்றாள் ஒருத்தி.

 வீராயி அக்கா குனிந்து மரியாயியை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து கோழி அடித்தவர் அவர். பிறகு வாயைத் திறந்தார். "ஏண்டி, புள்ள பெக்குற ஒடம்ப இப்படியா முட்டி போட வச்சிருப்பீங்க? பனியில கால் வலிக்காதா?"

அவ்வளவுதான். மூட்டை பிரிந்தது. பழைய சேலைக் கிழிசலைச் சுருட்டி மரியாயியின் முழங்காலுக்கு அடியில் அணை கொடுத்தார்கள். தலையில் காற்று படக்கூடாது என்று ஒரு துண்டைச் சுற்றினார்கள். வேப்பிலையை வாசலில் செருகினார்கள். தூக்குவாளியை மூடியோடு சுரூபத்தின் பக்கத்தில் வைத்தார்கள். நானா கொடுத்த பேரீச்சம்பழத்தையும் அங்கேதான் வைத்திருந்தோம். "இது யாரு வச்சது? நல்ல புத்தி. ரத்தம் ஊறும்" என்று வீராயி அக்கா பாராட்டினார்.

இன்னாசி உபதேசியார் செபப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பாவம், தடுக்கவும் முடியவில்லை, சேரவும் முடியவில்லை.

பொன்னாயி அக்காவைத் தேடினேன். கொட்டகையைக் கூட்டி, தூளியைச் சரிபார்த்துவிட்டு, அவர் ஏற்கனவே பைப்படிக்குப் போயிருந்தார்.

தகரப் பெட்டியில் வந்த பாலன்

சாமியாரின் கார் சேற்றில் குளித்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர், கிழவர், எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். ஏட்டில் எழுதின மாதிரி பேசுவார். கையில் பிஸ்கோத்துத் தகரப் பெட்டி. அதற்குள் துவாலையில் சுற்றிய குழந்தை யேசு.

தலையில் துண்டு கட்டிய மரியாயியைப் பார்த்தார், கோழிச்சாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபதேசியார் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லப் போனார்.

"இவர்கள் தவறாகக் கேட்கவில்லை, இன்னாசி. நாம்தான் அதைப் பழைய செய்தி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்" என்றார் சாமியார்.

பிறகு துவாலையை விரித்தபடி கேட்டார். "இவ்விடத்தில் குழந்தையை முதன்முதல் தொட்டிலில் இடுபவர் யார்?"

எல்லாக் கையும் வீராயி அக்காவைக் காட்டியது. அவர் கொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கையை நீட்டியவர் சட்டென்று நிறுத்தினார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கள் அம்மா."

"இந்தப் பொண்ணு புருசன் கை படாமலே புள்ள பெத்துச்சுன்னு பொன்னாயி சொன்னா. நெசமா?"

"மெய்தான் அம்மா. கன்னியாகவே ஈன்றார்."

உபதேசியார் இருமினார்.

வீராயி அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அப்ப ஊரு ஒலகத்துக் கணக்கு எதுவும் இந்தப் புள்ளைக்குச் செல்லாதுல்ல? பெத்தவளு, பெறாதவளுன்னு நாம போட்டு வச்சிருக்கமே, அதுவும் செல்லாது." வாசல் பக்கம் திரும்பிப் போட்டார் ஒரு சத்தம். கித்தா மரத்துக் குருவியெல்லாம் பறந்திருக்கும். "அடியே பொன்னாயி! பைப்படியில என்னடி பண்ற? ஒங் கொட்டகைக்குப் புள்ள வந்திருக்கு. வந்து வாங்குடி!"

உபதேசியார் வாயைத் திறந்தார். சாமியார் கையை லேசாகத் தூக்கினார். உபதேசியார் வாயை மூடிக்கொண்டார்.

பொன்னாயி அக்கா உள்ளே வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். சாமியார் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீள மண் பொம்மை. அதை வாங்கியதும் அந்தப் பெரிய கைகள் தாமாகவே பழைய வேலையைத் தொடங்கின. உச்சந்தலையை மோந்து பார்த்தார். புறங்கையைத் துவாலைக்கு அடியில் விட்டுப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லை.

தொட்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூளியில் வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

"தூங்கு ராசா. ஆத்தா காட்டுக்குப் போயிருக்கா. பால் எடுத்துக்கிட்டு வந்துருவா."

ஆத்தா அங்கேயே, ஒரு முழ தூரத்தில், துண்டு கட்டிக்கொண்டு இருக்கிறார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நாங்களும் அப்படித்தான்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில், கடவுள் ஏன் மனிதனாகப் பிறந்தார் என்ற கேள்விக்கு நான் மூச்சுவிடாமல் பதில் ஒப்பிப்பேன். நம்மை மீட்க. சரியான பதில்தான். ஆனால் மீட்பது என்றால் என்ன என்று அந்தக் காலையில்தான் பார்த்தேன். உலகத்தைப் படைத்தவர் தன்னைத் தூக்கிப் படுக்கவைக்க ஒரு கை வேண்டும் என்று வந்து நின்றார். வேண்டாம் என்று நாங்கள் வெளியே நிறுத்தியிருந்த கையில் போய்ப் படுத்துக்கொண்டார். மகிழ்ச்சி என்று வேதத்தில் சொல்வது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

பூசை நடந்தது. தூளியை ஆட்டியபடியே அக்கா கடைசிவரை உள்ளே நின்றார். முடிந்ததும் கோழிச்சாற்றைச் சாமியார் உட்பட எல்லாரும் குடித்தோம். பிள்ளை பெற்றவளின் பேரைச் சொல்லி ஒரு தோட்டமே பத்தியம் சாப்பிட்டது.

தை மாதம்

தை பிறந்ததும் வீராயி அக்காவின் மகளுக்கு ஆண்பிள்ளை. தொட்டில் போடும் நாளில் நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். பொன்னாயி அக்காவும் வந்தார். பழக்கம் விடுமா? வீட்டுக்குள் வராமல் பைப்படிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

வீராயி அக்கா பேரனைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எங்கடி போற? யேசுசாமியையே தொட்டில்ல போட்ட கை. எம் பேரன் என்னா அவருக்கு மேலயா?"

அக்காவுக்குக் கையைத் துடைக்கவும் நேரம் கொடுக்கவில்லை. பிள்ளையைக் கையில் வைத்துவிட்டார்.

மகளே, உன் தம்பிகள் இரண்டு பேரையும் தொட்டிலில் போட்டது யார் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.